பழைய இங்கிலாந்து ராஜா பிரகடனமும் பார்லிமென்ட் ஆர்டினன்ஸும்: எப்படி படிக்கணும்னா...

1500கள், 1600கள்ல இங்கிலாந்துல போட்ட அரசாங்க நோட்டீஸ் எல்லாம் இப்ப ஸ்கேன் ஆகி நெட்ல கெடக்கு. லா படிக்கறவங்க, ஹிஸ்டரி ஆப்ஷனல் எடுத்தவங்க, சும்மா ஆர்வத்துல தோண்டறவங்கன்னு நெறைய பேர் அத தொறந்து பாத்துட்டு மூணாவது வரிலயே மூடிடறாங்க. ஏன்னா ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், எழுத்து முள்ளு முள்ளா இருக்கும், எஸ் எல்லாம் எஃப் மாதிரி தெரியும், யூ இருக்க வேண்டிய எடத்துல வீ இருக்கும், கடைசில யாரு யாருக்கு என்ன சொல்றாங்கன்னே பிடிபடாது. எழுத்து ஒரு வாரத்துல பழகிடும், அத பத்தி கவலப்படாதீங்க. பெரிய தப்பு என்னன்னா மேலேந்து கீழ வரிசையா படிக்கறது. நான் சொல்றது, கடைசி பாராவுக்கு நேரா போங்க, "கீழ்ப்படியலன்னா என்ன ஆகும்"ங்கற அந்த மிரட்டல் வரிய மொதல்ல புடிங்க, போட்டவனுக்கு நெஜமாவே எவ்ளோ பவர் இருந்துச்சுன்னு அந்த ஒரு வரில தெரிஞ்சிடும். மத்தது எல்லாம் அப்புறம்.

அதுக்கு முன்னாடி கைல இருக்கறது எதுன்னு ஒரு பார்வை. மேல அரச சின்னம், அதுக்கு கீழ பெருசா "பை தி கிங்" இல்ல "பை தி குயின்"னு இருந்தா அது ப்ராக்ளமேஷன், அதாவது ராஜா தன் பிரிவி கவுன்சிலோட (பக்கத்துல இருக்கற ஆலோசகர் குழு) ஆலோசனையில, கிரேட் சீல்ங்கற நாட்டோட பெரிய முத்திரை போட்டு, தன் பேர்ல விடற பிரகடனம். கடைசில "காட் சேவ் தி கிங்"னு முடியும், அதுக்கும் கீழ ராஜாவோட ஆஸ்தான பிரிண்டர் பேர் இருக்கும், முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் ராஜாங்க காலத்துல ராபர்ட் பார்க்கர்ங்கற பேர அடிக்கடி பாப்பீங்க. அப்படி இல்லாம "லார்ட்ஸ் அண்ட் காமன்ஸ் அசெம்பிள்ட் இன் பார்லிமென்ட்"னு தலைப்புல வந்து (லார்ட்ஸ் பிரபுக்கள் சபை, காமன்ஸ் மக்கள் பிரதிநிதிகள் சபை, பார்லிமென்ட்டோட ரெண்டு சபை), கீழ ஜான் ப்ரௌன், ஹென்றி எல்சிங் மாதிரி சபை கிளார்க்குங்க பேர் இருந்தா அது பெரும்பாலும் 1642லேந்து வந்த ஆர்டினன்ஸ் இல்லாட்டி ஆர்டர். அதுல ராஜா கையெழுத்தே இருக்காது. அது இல்லாததுதான் முழுக் கதையும், கொஞ்சம் பொறுங்க வரேன்.

தேதி எடுக்கறதுலதான் பாதி பேர் சறுக்கறாங்க. ப்ராக்ளமேஷன்ல நேரா வருஷம் போடாம "எங்கள் ஆட்சியின் 22வது ஆண்டு"னு போட்டிருப்பாங்க, அதுக்கு ராஜா ராணி எப்ப பதவிக்கு வந்தாங்கன்னு தெரிஞ்சாகணும். முதலாம் எலிசபெத் 1558 நவம்பர் 17, ஜேம்ஸ் 1603 மார்ச் 24, சார்லஸ் 1625 மார்ச் 27, இந்த மூணு போதும் பெரும்பாலான காகிதத்துக்கு. எலிசபெத்தோட 22வது வருஷம்னா 1579 நவம்பர் 17லேந்து 1580 நவம்பர் 16 வரைக்கும், அதுல ஜூலைன்னா 1580 ஜூலை. இதுல இன்னொரு வம்பு, அங்க 1752 வரைக்கும் சட்டக் கணக்குல புது வருஷம் ஜனவரி 1ல பொறக்காது, மார்ச் 25லதான். அதனால சார்லஸ் தலைய வெட்டின நாள் அந்தக் காலத்து காகிதத்துல 1648 ஜனவரி 30, நம்ம புக்ல 1649. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாசத்து காகிதம் எது கெடைச்சாலும் ஒரு வருஷம் கூட்டணுமான்னு யோசிச்சுட்டு எழுதுங்க. பார்லிமென்ட் காகிதத்துல கிழமை லத்தீன்ல வரும், டை லூனே திங்கள், டை மெர்குரி புதன், டை வெனெரிஸ் வெள்ளின்னு, கிழமையும் தேதியும் ஒத்துப் போகுதான்னு சரிபாக்க அது ரொம்ப உதவும்.

தேதிக்கு பக்கத்துலயே எடம் இருக்கும், "எங்கள் அரசவையில் வழங்கப்பட்டது"ன்னு ஒயிட்ஹால், நான்சச், ஹாம்ப்டன் கோர்ட்னு. சாதாரண காலத்துல இது பெருசா ஒண்ணும் சொல்லாது, ராஜா வேட்டைக்கு போன எடத்துலேந்துகூட கையெழுத்து போட்டிருப்பாரு. ஆனா 1642லேந்து எடத்த விட்டுடாதீங்க. யார்க்னு இருந்தா ராஜா லண்டன விட்டு ஓடியாச்சு, ஆக்ஸ்ஃபோர்டுன்னு இருந்தா ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுச் சண்டை நடந்துட்டிருக்கு, அச்சடிச்சவர் பேரும் மாறிடும், ஆக்ஸ்ஃபோர்டுல லெனார்ட் லிச்ஃபீல்டுன்னு யூனிவர்சிட்டி பிரிண்டர். முத்திரைலயே தகராறு இருந்துச்சு, கிரேட் சீல வெச்சிருந்த லிட்டில்டன் 1642 மே மாசம் அத ராஜாகிட்ட யார்க்குக்கு அனுப்பிட்டு தானும் பின்னாலயே போயிட்டாரு, பார்லிமென்ட் பாத்துச்சு, 1643ல தனக்குன்னு ஒரு கிரேட் சீல் செஞ்சுக்கிச்சு. ஆக ஒரே நாட்டுல ரெண்டு கிரேட் சீல்.

அடுத்து அந்த பயங்கரமான முதல் வாக்கியம், "வேராஸ்"னு (Whereas, இன்ன காரணத்தாலன்னு அர்த்தம்) ஆரம்பிச்சு ஓடற ஒண்ணு. இது காரணம் சொல்ற பகுதி. இத வாய் விட்டு படிச்சு பாருங்க, கண்ணுல ஓட்டாதீங்க. ஷெரிஃப் (ஊர்ப்பக்கம் ராஜாவோட அதிகாரி) கைல காகிதம் போகும், சந்தை நாள்ல ஊர் நடுவுல நின்னு சத்தமா வாசிப்பாங்க, அப்புறம்தான் ஒட்டுவாங்க, அதனால எழுதினதே காதுக்காகத்தான், கமா மூச்சு விடற எடத்துல விழும். வாய் விட்டு படிச்சா எங்க காரணம் முடிஞ்சு எங்க உத்தரவு ஆரம்பிக்குதுன்னு தானா தெரியும், அந்த எடத்துல "ஆகையால் கண்டிப்புடன் கட்டளையிடுகிறோம்"னு ஒரு பல்டி வரும், அங்க பென்சில் கோடு போட்டுக்கோங்க. காரணத்த அப்படியே நம்பவும் வேணாம், தூக்கி போடவும் வேணாம். 1580 ஜூலை 7 நான்சச் அரண்மனைலேந்து எலிசபெத் விட்ட பிரகடனம் நல்ல பயிற்சி. லண்டன் நகர வாசல்லேந்து 3 மைல் சுத்துல, இதுவரைக்கும் வீடு இல்லாத எடத்துல யாரும் புதுசா வீடு கட்டக்கூடாது, ஒரு வீட்டுல ஒரு குடும்பத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. காரணமா மூணு சொல்றாங்க, இவ்ளோ ஜனத்த கட்டி மேய்க்க முடியல, சாப்பாடு சரக்கு நியாய வெலைல கெடைக்காது, நெரிசல்ல பிளேக் பரவும். மூணுமே நெஜமான பயம்தான். ஆனா யார் பயம்னு பாருங்க, லண்டன் மேயரும் ஊர் பெரியவங்களும் தன் எல்லைக்கு வெளிய வளர்ற குடிசைகள பாத்து படற பயம் அது, அதுக்கு அரண்மனை லெட்டர்ஹெட் குடுத்திருக்கு, அவ்ளோதான்.

இப்ப மிரட்டல் வரிக்கு வருவோம், ஏன்னா இதான் முக்கியம். ஒரு ராஜா தன் இஷ்டத்துக்கு ஒரு தாள்ல எழுதி புதுக் குற்றத்த உண்டாக்க முடியுமாங்கறதுதான் நூறு வருஷ சண்டை. ஹென்றி 8, 1539ல பார்லிமென்ட் மூலமாவே ஒரு சட்டம் வாங்கினாரு, கவுன்சில் ஆலோசனையோட ராஜா விடற பிரகடனத்துக்கு சட்டத்துக்கு கீழ்ப்படியற மாதிரியே கீழ்ப்படியணும்னு. சர்வாதிகாரம்னு புக்ல ஒரே வரில எழுதிட்டு போயிடுவாங்க, ஆனா அதுலயே ஒரு ப்ரேக் இருக்கு, பிரகடனத்த வெச்சு ஒருத்தன் உயிரையோ சொத்தையோ பறிக்கக்கூடாது, இருக்கற சட்டத்த கவுக்கக்கூடாதுன்னு. அதுவும் 1547ல அவர் போனதும் ரத்து ஆயிடுச்சு. அப்புறமும் ப்ராக்ளமேஷன் வந்துட்டேதான் இருந்துச்சு, எந்த பலத்துலன்னு மட்டும் யாரும் சத்தமா கேக்கல.

ஜேம்ஸ் காலத்துல கேட்டுட்டாங்க. அவரோட பிரகடனங்கள எல்லாம் சேத்து சட்டப் புக் மாதிரியே தொகுப்பா அச்சடிச்சாங்க, காமன்ஸுக்கு கடுப்பு, 1610 ஜூலைல மனு குடுத்தாங்க. செப்டம்பர்ல தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்க கூப்பிட்டு ரெண்டு கேள்வி: பிரகடனம் போட்டு லண்டன்ல புது வீடு கட்டறத தடுக்க முடியுமா, கோதுமைலேந்து ஸ்டார்ச் எடுக்கறத தடுக்க முடியுமா. கோக் மத்த நீதிபதிகளோட பேசணும்னு டைம் கேட்டாரு. கடைசில வந்த பதில், முன்னாடி குற்றமா இல்லாதத ராஜா பிரகடனத்தால குற்றமாக்க முடியாது, நாட்டு சட்டம் குடுத்த அதிகாரத்த தவிர அவருக்கு வேற தனி அதிகாரம் கெடையாது. லா காலேஜ்ல இத்தோட நிறுத்திடுவாங்க, ஆனா அடுத்த பாதி தெரிஞ்சாத்தான் உங்களுக்கு காகிதம் படிக்க வரும்: இருக்கற சட்டத்த மதிக்க சொல்லி ராஜா எச்சரிக்கலாம், எச்சரிச்ச அப்புறமும் மீறினா அந்தக் குற்றம் இன்னும் கனமாகும். அதனாலதான் நெறைய பிரகடனத்துல "எங்கள் சட்டங்களின்படி உரிய தண்டனைக்கும், எங்கள் கடும் அதிருப்திக்கும் ஆளாவீர்"னு ஒரு வழவழா வரி இருக்கும். அபராதம் இவ்ளோ, ஜெயில் இத்தன நாள்னு தொகை போட மாட்டாங்க, போட்டா கோக் மாதிரி ஆளுங்க வந்து நிப்பாங்க. அந்த பதில் பொதுவா அச்சுல வந்ததே 1656லதான், கோக் செத்து இருவத்தி சொச்சம் வருஷம் கழிச்சு, அதனால 1610லயே ஊருக்கே தெரிஞ்சு எல்லாம் அடங்கிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க.

அந்த வழவழா வரிக்கு பல் குடுத்தது ஸ்டார் சேம்பர் கோர்ட், அதாவது ராஜாவோட கவுன்சில் ஆளுங்களும் நீதிபதிகளும் உக்காந்து ஜூரி இல்லாம தண்டிக்கற கோர்ட். 1632ல சார்லஸ் ஒரு பிரகடனம் விட்டாரு, ஊர்ல நெலம் வெச்சிருக்கற கனவான்கள் லண்டன்ல வந்து குடியிருக்காதீங்க, அவங்கவங்க ஊருக்கு போய் தர்மம் பண்ணுங்க, விருந்தோம்பல் பண்ணுங்க, நிர்வாகத்த பாருங்கன்னு. சசெக்ஸ்காரர் பால்மர்னு ஒருத்தர் போகல. பாவம் அவரு தரப்புல, எனக்கு கல்யாணம் ஆகல, ஊர்ல இருந்த வீடும் எரிஞ்சு போச்சு, எங்க போகன்னு சொன்னாங்க. 1,000 பவுண்ட் அபராதம். அந்த வருஷம் ஒரு கூலி ஆளு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் பாத்தாலே பெருசு, ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஆக 1641க்கு முந்தின பிரகடனம் எதுலயாவது ஸ்டார் சேம்பர்ங்கற வார்த்தை வந்தா அத சும்மா அலங்காரம்னு தாண்டிடாதீங்க. 1641ல பார்லிமென்ட் அந்த கோர்ட்டையே ஒழிச்சிடுச்சு, அதுக்கப்புறம் வந்த பிரகடனத்துல "விசுவாசத்தின் பேரில்"னு கெஞ்சலும் மிரட்டலும் கலந்த தொனி ஏறறத கவனிக்கலாம்.

இப்ப ஆர்டினன்ஸ். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நம்ம ஊர்ல ஆர்டினன்ஸ்னா சபை கூடாத நேரத்துல கவர்னரோ ஜனாதிபதியோ போடற அவசரச் சட்டம், 2017 ஜல்லிக்கட்டுக்கு போட்ட மாதிரி. 1642 ஆர்டினன்ஸ் அதுக்கு நேர் தலைகீழ், சபை கூடியிருக்கு, ஆனா ராஜா சம்மதம் இல்ல, அவரு இல்லாமலே ரெண்டு சபையும் சேந்து போட்டது. இத மாத்தி புரிஞ்சிக்கிட்டு எக்ஸாம்ல எழுதினா மார்க் போயே போச்சு.

காரணம் பட்டாளம். 1641 அக்டோபர்ல அயர்லாந்துல கலகம், அத அடக்க படை வேணும், அந்தப் படைய ராஜா கைல குடுத்தா நம்ம மேலயே திருப்புவாருன்னு பார்லிமென்ட்டுக்கு பயம். 1642 ஜனவரி 4 அவரே ஆளுங்களோட காமன்ஸ் சபைக்குள்ள அஞ்சு உறுப்பினர்கள புடிக்க வந்தாரு, அவங்க நழுவிட்டாங்க, சில நாள்ல ராஜா லண்டன விட்டே கெளம்பிட்டாரு. ஊர்க்காவல் படைய யார் நடத்தணும்னு சொல்ற மிலிஷியா மசோதாவுக்கு சம்மதம் தர மாட்டேன்னுட்டாரு. மார்ச் 5ல சபைங்க அதையே ஆர்டினன்ஸா போட்டு ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் (மாவட்டம் மாதிரி) அந்தப் படைய நடத்தற லார்ட் லெஃப்டினன்ட் யாருன்னு பேர் பேரா எழுதிட்டாங்க. மே 27 யார்க்லேந்து ராஜாவோட ப்ராக்ளமேஷன், என் உத்தரவு இல்லாம ஒரு சபையோ ரெண்டு சபையோ போட்ட ஆர்டினன்ஸ நம்பி எவனும் திரளக்கூடாது, அணிவகுக்கக்கூடாதுன்னு. படிக்க பழகறவங்க இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சிக்கோங்க. யார் சட்டம் பேசறாங்க பாருங்க: ராஜாதான் முதல் எட்வர்ட் காலத்து பழைய சட்டத்த மேற்கோள் காட்டி வாதாடறாரு, பார்லிமென்ட் ஆபத்து வந்துடுச்சு, நாட்டுப் பாதுகாப்புன்னு பேசுது. வழக்கமா நாம நெனைக்கற வேஷம் மாறி இருக்கும். பார்லிமென்ட் அப்புறம் சொன்ன வாதம் இன்னும் தைரியம், ராஜாங்கற ஆளு வேற, ராஜாங்கற பதவி வேற, ஆளு எதிர்த்தாலும் பதவியோட அதிகாரம் எங்க சபைல இருக்குன்னு. ஆகஸ்ட் 22 நாட்டிங்ஹாம்ல ராஜா கொடி ஏத்திட்டாரு, சண்டை.

ஊர் ஷெரிஃப் நெலமைய நெனச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் தபால் வருது, ரெண்டுலயும் ராஜாவோட பேர்லதான் எல்லாம் நடக்குது.

ஆர்டினன்ஸ்லயும் அதே ட்ரிக், மிரட்டல் வரி. நாடகத்த எடுத்துக்கோங்க. 1642 செப்டம்பர் 2ல சபைங்க போட்ட ஆர்டர் ரொம்ப சின்னது, அயர்லாந்து ரத்தத்துல மெதக்குது, இங்கிலாந்து மேலயும் ரத்த மேகம், உபவாசமும் பிரார்த்தனையும் பண்ற நேரத்துல நாடகம் சரிப்படாது, இந்த துக்கம் ஓயற வரைக்கும் நிறுத்துங்கன்னு. தண்டனை? ஒண்ணுமே இல்ல. போட்டவங்களுக்கே அது தற்காலிகம்னு எண்ணம் போல, இல்ல அமல்படுத்த நேரம் இல்ல. திருட்டுத்தனமா நாடகம் நடந்துட்டேதான் இருந்துச்சு. 1647ல மறுபடி ஒண்ணு போட்டாங்க. 1648 பிப்ரவரி ஆர்டினன்ஸ பாருங்க, தொனியே வேற: நாடக நடிகர் எல்லாரும் சட்டப்படி ஊர்சுத்திப் போக்கிரிங்க, மேடை, கேலரி, இருக்கை எல்லாத்தையும் இடிக்கணும், நடிச்சு மாட்டினவனுக்கு பொது எடத்துல சவுக்கடி, வசூலான காசு அந்தப் பேட்டை ஏழைங்களுக்கு, பாக்க வந்தவனுக்கு 5 ஷில்லிங் அபராதம். பார்வையாளனையும் சேத்துட்டாங்க பாத்தீங்களா. 1642க்கும் 1648க்கும் நடுவுல பார்லிமென்ட் சண்டைய ஜெயிச்சிருக்கு, அத சரித்திரப் புக் சொல்லாமலே இந்த ரெண்டு காகிதமே சொல்லிடும்.

பணம் சம்பந்தப்பட்ட ஆர்டினன்ஸ் நீளமா இருக்கும், போரடிக்கும், ஆனா அதான் ஆட்சி எப்படி ஓடுச்சுன்னு காட்டறது. 1643 ஜூலை 22 எக்ஸைஸ் (சரக்கு மேல போடற வரி) ஆர்டினன்ஸ்ல பீர், சைடர், புகையிலை, வைன்னு வரிப் பட்டியல், கமிஷனர்கள், ஆபீஸ், யார் கணக்கு எழுதணும், யார் உள்ள பூந்து சோதனை போடலாம் எல்லாம் இருக்கும். ராஜா பிரகடனத்துல இந்த மாதிரி ஆபீஸ் விவரம் அபூர்வம். அப்புறம் மாமிசத்துக்கும் உப்புக்கும் வரி ஏத்தினாங்க, 1647 பிப்ரவரில லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தைல கசாப்புக்காரங்க கலாட்டால எக்ஸைஸ் ஆபீஸ கொளுத்திட்டாங்க, ஜூன்ல மாமிச வரிய எடுத்துட்டாங்க. வரி ஆர்டினன்ஸ் படிச்சா கண்டிப்பா அடுத்த ஒரு வருஷத்துல அதுக்கு திருத்தம் வந்துச்சான்னு தேடுங்க, முதல் காகிதத்த மட்டும் படிச்சுட்டு "இப்படி வரி போட்டாங்க"ன்னு எழுதறது அரைகுறை வேலை.

ஒரே உத்தரவு திரும்ப திரும்ப வந்தா என்ன அர்த்தம்? சுவத்துல "இங்கே சிறுநீர் கழிக்காதீர்"னு நாலு தடவ பெயின்ட் அடிச்சிருந்தா என்ன அர்த்தமோ அதேதான். லண்டன் வீட்டு தடைக்கு 1593ல பார்லிமென்ட்டே சட்டம் போட்டுச்சு, அப்புறம் ஜேம்ஸ் பல தடவ போட்டாரு, சார்லஸும் போட்டாரு, லண்டன் பாட்டுக்கு வளந்துட்டே போச்சு, கடைசில கட்டினவன்கிட்ட காசு வாங்கிட்டு விடறதே ஒரு வருமானமா ஆயிடுச்சு. ஆனா எல்லா ரிப்பீட்டுக்கும் இந்த அர்த்தம் குடுத்துடாதீங்க, லென்ட் விரதத்துல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) மாமிசம் கூடாதுன்னு பிரகடனம் சீசனுக்கு சீசன் வரும், அது வழக்கம். புது ராஜா வந்தாலும் பழசையே தன் பேர்ல திரும்ப விடுவாரு.

பேர் மாறற எடம் ரெண்டு இருக்கு, அத குறிச்சு வெச்சிக்கோங்க. 1649 ஜனவரில ராஜாவ விசாரிக்க காமன்ஸ் அனுப்பின ஆர்டினன்ஸ லார்ட்ஸ் தூக்கி எறிஞ்சாங்க, உடனே 4ந்தேதி காமன்ஸ், மக்கள்தான் அதிகாரத்துக்கே மூலம், அவங்க பிரதிநிதி நாங்க, எங்க முடிவே சட்டம்னு தீர்மானம் போட்டு, 6ந்தேதி அதையே "ஆக்ட்"னு பேர் மாத்தி நிறைவேத்திட்டாங்க. அதுக்கப்புறம் 1653 வரைக்கும் வர்றது எல்லாம் ஆக்ட்தான், ராஜாவும் இல்ல லார்ட்ஸும் இல்ல. அப்புறம் 1653 டிசம்பர்ல பார்லிமென்ட் படைத் தளபதி க்ராம்வெல் லார்ட் ப்ரொடெக்டர்ங்கற ஆட்சித் தலைவர் ஆனதும் மறுபடி ஆர்டினன்ஸ்ங்கற பேர் வருது, ஆனா இது வேற ஜாதி. புது அரசியல் சட்டப்படி அடுத்த பார்லிமென்ட் கூடற 1654 செப்டம்பர் வரைக்கும் அவரும் கவுன்சிலும் மட்டும் சேந்து போட்டது, சேவல் சண்டைக்கு தடைலேந்து ஸ்காட்லாந்த இணைக்கறது வரைக்கும். பார்லிமென்ட் கூடினதும் அது ஒத்துக்கணும். சொல்லப்போனா நம்ம ஊர் அவசரச் சட்டத்துக்கு கிட்ட வர்றது இதுதான், 1642 ஆர்டினன்ஸ் இல்ல.

கடைசியா, 1660ல ரெண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் ராஜா சம்மதம் இல்லாத ஆர்டினன்ஸ், ஆக்ட் எல்லாம் செல்லாதுன்னு ஆயிடுச்சு. அவரோட ஆட்சி வருஷத்தையே அப்பா செத்த 1649 ஜனவரி 30லேந்து எண்ணினாங்க, அதனால 1660ல வந்த முதல் சட்டமே 12வது வருஷம்னு இருக்கும், பாத்து மெரளாதீங்க. இதோட விளைவு உங்களுக்கு நேரடியா இடிக்கும்: அதிகாரப்பூர்வ சட்டத் தொகுப்புல தேடினா 1640களோட ஆரம்பத்துலேந்து 1660க்கு ஒரே தாவல், நடுவுல ஒண்ணுமே கெடைக்காது. அதுக்கு 1911ல ஃபர்த், ரெய்ட் ரெண்டு பேரும் தொகுத்த மூணு வால்யூம் ஆர்டினன்ஸ் தொகுப்புதான் வழி, பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் சைட்ல இருக்கு, தேதி போட்டு தேடலாம். அச்சான ஒரிஜினல் தாள் பாக்கணும்னா பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கற தாமஸன் கலெக்‌ஷன், ஜார்ஜ் தாமஸன்ங்கற லண்டன் புத்தக வியாபாரி 1640லேந்து 1661 வரைக்கும் வந்த துண்டறிக்கை, நோட்டீஸ்னு 22,000 கிட்ட சேத்து வெச்சாரு, பலதுல கைக்கு வந்த தேதிய கையாலயே எழுதியிருப்பாரு, அச்சான தேதிக்கும் அந்த கையெழுத்து தேதிக்கும் இருக்கற இடைவெளியையும் ஒரு தடவ பாத்துடுங்க. செல்லாதுன்னு சொன்னதுல எது தப்பிச்சுதுன்னு தெரியணும்னா 1660 சட்டங்கள்ல அதே விஷயம் புதுப் பேர்ல வருதான்னு தேடுங்க. எக்ஸைஸ் தப்பிச்சுது, 1646ல ஆர்டினன்ஸ் மூலமா ஒழிச்ச கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (ராஜாகிட்ட நெலம் வெச்சிருந்தவங்களோட வயசு வராத வாரிசையும் சொத்தையும் ராஜாவுக்காக பாத்துக்கிட்ட கோர்ட்) திரும்ப வரவே இல்ல, ராஜாவே சட்டம் போட்டு அத ஒழிச்சாரு, பதிலுக்கு பீர் வரில ஒரு பங்கு வாங்கிக்கிட்டாரு.